ஆடிக் காற்றுக்கு மேலே ஓர் எதிர்க்காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியைத் திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் மேற்குக் காற்று ஒட்டன்சத்திரத்துச் சாலைகளில் புழுதியை வாரி இறைக்கிறது. நம் வீட்டு ஓடுகளையும் அசைத்துப் பார்க்கிறது. ஆனால் அதே பருவத்தில், நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் பாய்கிறது என்றால் நம்புவீர்களா? இக்காற்றாற்றைப் பற்றி 1958இல் ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அவருக்கு அச்சான்றுகளைத் தந்தவை ரப்பர் பலூன்கள்.

பலூன் எவ்வாறு காற்றை அளக்கும்? ஹைட்ரஜன் வாயுவை அளவோடு நிரப்பினால் அது ஏறும் வேகம் முன்கூட்டியே தெரிந்துவிடும். நிமிடத்திற்கு 200 மீட்டர் என்று கொள்வோம். பத்தாவது நிமிடத்தில் அது 2,000 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழக் கொடைக்கானலின் மட்டத்தில், இருக்கும். அப்போது தியோடலைட் என்னும் கோணமானி 45 பாகை காட்டினால், பலூன் நம்மைவிட்டுக் கிடையாகவும் 2,000 மீட்டர் விலகியிருக்கிறது. அதைத் தள்ளியது காற்றே. ஆக, சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். பள்ளிப் பிள்ளைகள் வெறுக்கும் முக்கோணக் கணக்குதான் இது! இரவில் பலூனோடு சிறு விளக்கையும் கட்டி அனுப்புவார்கள். 1914இல் ஆக்ராவில் மேல்வளி ஆய்வுக்கென்றே ஓர் ஆய்வகம் அமைந்தது.

மேகம் மறைத்தால் கண் தோற்றுவிடும். இக்குறையைத் தீர்த்தது 1930ஆம் ஆண்டையொட்டி உருவான ரேடியோசாண்டே என்னும் சிறு கருவி. பலூனின் கீழ்த் தொங்கியபடி வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை வானொலி அலைகளால் அறிவிக்கும். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டி முறையால் அதன் இருப்பிடமும், அதிலிருந்து காற்றின் வேகமும் நொடிதோறும் தெரிகின்றன. மேலே செல்லச் செல்லப் பலூன் பெருத்து, 30 கிலோமீட்டர் அளவில் வெடித்துவிடும். சென்னை மீனம்பாக்கம், காரைக்கால், திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலிருந்து இவை பறக்கவிடப்படுகின்றன.

இதனால் நமக்கென்ன என்று கேட்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், உள்நாட்டில் நம் மாவட்டத்தையும் கொடைக்கானல் மலையையும்கூட விட்டுவைக்கவில்லை. புயல் எத்திசையில் செல்லும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதனைச் சூழ்ந்த மேல்வளிக் காற்றோட்டமே. அதனைக் கடலோரத்தில் நேரே அளந்து அறிந்தால்தான், படகோட்டியையும் வாழைத்தோட்டத்தாரையும் காலத்தே எச்சரிக்க இயலும்.

பலூன் எட்டாத உயரத்திற்கு ராக்கெட் சென்றது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் முயற்சியால், தும்பா மீனவர்கள் தங்கள் புனித மகதலா மரியாள் ஆலயத்தையே விண்வெளி ஆய்வுக்கு விட்டுக்கொடுத்ததைப் பலர் அறிவர். 1963 நவம்பர் 21 மாலையில் அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட், சோடியம் ஆவியை வானில் தூவியது. செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்த அம்முகில் நகர்ந்த போக்கைப் படமெடுத்தே, நூறு கிலோமீட்டருக்கும் மேலுள்ள காற்றை அளந்தார்கள்.