மலைமுகட்டில் ஒதுங்கிய அரங்கயா

வாவிக்கரையில் பிறந்த எங்களுக்குப் பறவைகளைத் தேடிப் போகவேண்டிய தேவை இல்லை. கல்லடிப் பாலத்தில் சற்று நின்றால் கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் தாமாகவே கண்ணில் படும். அதனால், கடந்த வருடம் பாடசாலைச் சுற்றுலாவில் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றபோது, அங்கும் பறவைகள் அப்படித்தான் காட்சி தரும் என எண்ணியிருந்தேன்.

செங்கலடி–பதுளை வீதியால் இரவு முழுவதும் ஏறிய பஸ் விடியற்காலையில் எங்களைப் பனிமூட்டத்துள் இறக்கிவிட்டது. காட்டோடை ஒன்றின் அருகே எங்களுடன் வந்த வழிகாட்டி திடீரென விரலை உதட்டில் வைத்தார். மெல்லிய, நீண்ட சீழ்க்கை ஒலியொன்று கேட்டது. "அரங்கயா" என்றார். நாங்கள் நாற்பது பேரும் எட்டிப் பார்த்தோம். ஒருவரும் காணவில்லை. அன்று காணாத பறவையைப் பற்றி வீடு திரும்பியபின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

அரங்கயா என்பது சிங்களப் பெயர். நாம் இதனை இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி எனலாம். உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாத, இலங்கைக்கே உரிய பறவைகளுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமானது. ஆண் கருமை நிறமும் தலை, மார்புப் பகுதிகளில் நீல மினுக்கமும் கொண்டது. பெண் கபில நிறமானது. இரண்டுக்குமே தோளில் ஒளிரும் நீலத் திட்டு உண்டு. நிழல் அடர்ந்த ஓடைக்கரைகளில் பூச்சி, சிறு தவளை, பல்லி ஆகியவற்றைப் பிடித்துண்ணும். விடியலிலும் அந்தியிலுமே அதிகம் நடமாடும். கூச்ச சுபாவம் மிக்கது. நாற்பது பேர் காலடிச் சத்தத்துடன் போனால் அது ஏன் வெளியே வரப்போகிறது?

இப்பறவையை 1872ஆம் ஆண்டு ஹோல்ட்ஸ்வர்த் என்ற ஆங்கிலேயர் முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தார். இங்கிருந்த பிளை என்ற கோப்பித் தோட்டத்துரையின் பெயர் அதன் விஞ்ஞானப் பெயரில் சேர்க்கப்பட்டது. இதிலே ஒரு வேதனையும் இருக்கிறது. அப்பறவையின் காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டுக் கொண்டிருந்த காலமும் அதுவே. கோப்பி நோயால் அழிந்தபின் அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1873ஆம் ஆண்டில் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்தது. அத்தடை இல்லாதிருந்தால் அந்தச் சீழ்க்கையை நாங்களும் கேட்டிருக்க மாட்டோம்.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இப்பறவை "அழியும் ஆபத்திலுள்ளது" என்ற நிலையில் வைக்கப்பட்டுள்ளது. எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் ஓர் உயிரினத்துக்கு இந்நிலை வழங்கப்படுவதில்லை. அது பரந்து வாழும் நிலப்பரப்பு 5,000 சதுர கிலோமீற்றருக்குக் குறைவாகவும், அந்த நிலம் துண்டு துண்டாகச் சிதறியும், தொடர்ந்து குறுகியும் வந்தால், அதுவும் ஓர் அளவுகோலாகும். அரங்கயாவின் நிலைமை இதுதான். ஹோட்டன் சமவெளி, ஹக்கல, நுவரெலியா எனக் காடுகள் தனித்தனித் தீவுகளாகிவிட்டன. தீவுகளுக்கிடையே கடலுக்குப் பதிலாகத் தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் இருக்கின்றன. வெயிலில் திறந்து கிடக்கும் நிலத்தைக் கடக்க, நிழலில் வாழும் பறவை விரும்புவதில்லை.

வேறு ஆபத்துகளும் உள்ளன. தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிகொல்லி அது உண்ணும் பூச்சிகளையும் ஓடைநீரையும் தாக்கக்கூடும். ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. பூமி வெப்பமானால் தாழ்நிலப் பறவை சற்று மேலே ஏறிப் பிழைக்கலாம். உச்சியில் வாழும் பறவை எங்கே ஏறும்? நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அதற்கு மேல் வானம்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. ஹோட்டன் சமவெளியில் ஒரு காலத்தில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். இன்று அது இல்லை. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய சில காடுகளுடன் சேர்ந்து உலக மரபுரிமைத் தலமாகியது.

என் வாப்பா சந்தையில் மலைநாட்டு மரக்கறி விற்பவர். இவற்றையெல்லாம் நான் வாசித்துக் காட்டியபோது, "அப்ப லீக்ஸும் கரட்டும் விக்க வேணாம் எண்டு சொல்றியா மகள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த விவசாயியின் வீட்டு அடுப்பும் எங்கள் வீட்டு அடுப்பும் அந்தக் கரட்டால்தான் எரிகின்றன. பிறகு நான் சொன்னேன்: "இருக்கிற தோட்டத்தை விட்டுரலாம் வாப்பா. இருக்கிற காட்டை மட்டும் இனி வெட்டாம விட்டாப் போதும்." வாப்பா சற்று நேரம் யோசித்துவிட்டு, "அது நியாயம்தான். காடு போனா தண்ணியும் போயிரும்" என்றார்.

வாப்பா சொன்னது உண்மை. முகில் தவழும் அந்தக் காடுகள் பனிமூட்டத்திலிருந்தே நீரைப் பிடித்து ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. மகாவலியின் ஊற்றுகள் அங்கேதான் உள்ளன. அந்த மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறுதான் நமது மாவட்டத்தின் வட எல்லையில் கடலைச் சேர்கிறது. அரங்கயா நீராடும் ஓடையும் அந்த ஆற்றங்கரை வயலும் ஒரே நீரின் இரு முனைகள்.

அன்புள்ள பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பொலித்தீனையும் சோற்றுப் பார்சலையும் காட்டில் விட்டுவராதீர்கள். ஓடைக்கரையில் சில நிமிடங்கள் மௌனமாக நில்லுங்கள். தோழியரே, நாங்கள் அன்று சற்று அமைதியாக இருந்திருந்தால் அந்த நீலத் தோளைக் கண்டிருக்கலாம். நமக்குப் பின் வரும் தங்கைமாருக்காவது அந்த வாய்ப்பு மிஞ்சட்டும்.