கருவி பொருத்திய பிறகு

பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று ஒரு கணக்கு உண்டு. இந்தக் கணக்குக்கு வலுச் சேர்த்தது, அமெரிக்காவின் கொலராடோவில் யோஷினாகா இட்டானோ குழுவினர் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு. ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்த குழந்தைகள், தாமதமாகத் தெரியவந்தவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே இருந்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. குறை தெரிந்த கையோடு, வீட்டுக்கே வந்து பெற்றோருக்குச் சொல்லித்தரும் பயிற்சியாளர்களும் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்தார்கள்.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துகிறார்கள். பல லட்சம் ரூபாய் பெறும் சிகிச்சை ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டியிருக்கிறது என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால், அறுவை முடிந்த அன்று அந்தக் குழந்தைக்கு எதுவும் கேட்காது. மூன்று, நான்கு வாரம் கழித்து, தையல் ஆறிய பின், செவித்திறன் நிபுணர் வெளிக்கருவியை இயக்கிவைப்பார். கேட்கும் ஒலி குழந்தைக்குப் பொருளாக மாறப் பல மாதப் பேச்சுப் பயிற்சி வேண்டும். அந்த மாதங்களில் தினமும் காலையில், தாய் குழந்தையின் பின்னால் உட்கார்ந்து, உதடு தெரியாமல் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்வார். கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். மற்ற ஐந்துக்கும் மணி விழுந்து, 'ஸ்' மட்டும் கேட்காமல் போனால், கருவியில் உச்ச ஸ்தாயி ஒலிகளின் அளவைத் திருத்த வேண்டியிருக்கலாம். அந்தத் துப்பு முதலில் கிடைப்பது தாய்க்கு. அதைப் பயிற்சியாளர் காதில் வாங்கி, செவித்திறன் நிபுணரிடம் சேர்த்தால்தான் திருத்தம் நடக்கும்.

அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மேற்சொன்ன 'ஸ்' விஷயத்தில் யாருமே தவறு செய்யாமல், செய்தி மட்டும் போய்ச்சேராமல் குழந்தை மாதக்கணக்கில் பின்தங்கிவிடும். ஆள் பற்றாக்குறையைக் காட்டுவோரும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள், குழந்தை மருத்துவர், செவித்திறன் நிபுணர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர், சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கத் திட்டமிடப்பட்டவை. அங்குள்ள காலியிடங்களை நிரப்பத்தான் வேண்டும். ஆனால், ஒரு குடும்பத்தைக் கடைசிவரை தொடர்ந்து கவனிப்பது யார் பொறுப்பு என்று எழுதிவைக்கப் புதிய நிபுணர் வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. எல்லாப் பிள்ளைகளையும் பேச்சை நோக்கியே தள்ளுகிறீர்கள், சைகை மொழியும் மொழிதானே என்கிறார்கள் செவித்திறன் அற்றோர். அவர்கள் சொல்வது நியாயம். எல்லாக் குழந்தைக்கும் கருவி ஒரே பலனைத் தருவதில்லை. பேச்சு வரும் என்று காத்திருந்தே எந்த மொழியும் இல்லாமல் முதல் சில ஆண்டுகள் கழிந்துவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம். ஆகவே குழந்தையைக் கவனிக்கும் குழுவில் சைகை மொழி ஆசிரியருக்கும் இடம் வேண்டும், அதுவும் மற்றதெல்லாம் தோற்ற பிறகு அல்ல, முதல் நாளிலிருந்தே.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருந்தும் மறுபரிசோதனைத் தேதியும் இருக்கின்றன. அதிலேயே, அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சேர்க்கலாம். கருவியின் வயர் அறுந்தாலும், பேட்டரி வாங்கக் காசில்லாவிட்டாலும், பயிற்சிக்கு வரப் பேருந்து இல்லாவிட்டாலும் தாய் அழைக்க வேண்டியது அந்த ஒருவரைத்தான். இரண்டு வாரம் குழந்தை பயிற்சிக்கு வரவில்லையென்றால், அந்த ஒருவரே முதலில் அழைக்க வேண்டும்.