வாசகர் வருமுன் தயாராகும் பக்கம்

கரியாலூர்க்காரர் ஒருவர் கல்வராயன் மலையின் அருவிகளையும் சாமை வயல்களையும் பற்றி வலைப்பூ தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலரும் போகிற வழி வேர்ட்பிரஸ். அதில் பதிவெல்லாம் தரவுத்தளத்தில் கிடக்கும். யாராவது திறந்தால் சர்வர் விழித்து, பதிவைத் தேடியெடுத்து, தலைப்பையும் பட்டியல்களையும் கோத்து, அந்த நொடியில் பக்கத்தைச் செய்து அனுப்பும். அடுத்தவர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. செய்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் சேமித்து வைக்கும் உபாயங்கள் உண்டுதான். ஆனால் எழுதியதில் ஒரு புள்ளிகூட மாறாதபோது இந்தப் பாடு எதற்கு?

திதி பார்க்க நினைக்கிற ஒவ்வொருவரும் சந்திரனின் இருப்பைக் கணக்குப் போடுவதில்லை; ஒருவர் கணித்து அச்சிட்ட பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்ற வகை மென்பொருள் செய்வது அந்தக் கணிப்பு வேலை. பதிவுகள் சாதாரண உரைக்கோப்புகளாக இருக்கும்; ஒவ்வொன்றின் தலையிலும் தலைப்பு, தேதி, குறிச்சொல் என்று சில வரிகள். தளத்தின் தோற்றம் வேறு கோப்புகளில், இன்ன இடத்தில் தலைப்பு வரட்டும், இன்ன இடத்தில் பதிவு வரட்டும் என்று காலியிடம் விட்ட வார்ப்புகளாக இருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் மென்பொருள் இரண்டையும் பொருத்தி, முழுத் தளத்தையும் ஆயத்த எச்டிஎம்எல் பக்கங்களாக ஒரு கோப்புறையில் கொட்டிவிடும். வார்ப்பில் ஒரு வரி மாற்றினால் ஐந்நூறு பக்கமும் புது முகம் பெறும். இதெல்லாம் நடப்பது சொந்த மடிக்கணினியில். மலையில் சிக்னல் வேண்டியது கடைசியில் ஏற்றுவதற்கு மட்டும். ஏற்றிய இடத்தில் கன்னம் வைக்கத் தரவுத்தளமும் கிடையாது.

கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008-இல் ஜெக்கில் என்ற ஜெனரேட்டரை வெளியிட்டார். 2013-இல் ஸ்டீவ் பிரான்சியாவின் ஹ்யூகோ வந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்ணிமைப்பதற்குள் கட்டிவிடும். ஆயத்தப் பக்கம் தமிழுக்கு இவற்றைவிடப் பழசு. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை நேரடிக் கோப்புகளாகவே வைத்தது. அவை இன்றும் திறக்கின்றன. ஆனால் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது நூல் நூலாக மாற்றவேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வேலையைக் கட்டளைக்கு விட்டுவிடலாம் என்பதே ஜெனரேட்டரின் பெரிய லாபம் என்பேன்.

இனி சுவாரசியமான பகுதி: ஆங்கிலத்துக்காக வெட்டிய சட்டையைத் தமிழுக்குத் தைப்பது. யூனிகோடில் ‘கரியாலூர்’ ஒன்பது குறியீடுகள். துணைக்கால், கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட், ஆக 27. ரோமன் எழுத்தில் ஒன்பதே பைட். அப்படியானால் தமிழ்ப்பக்கம் மும்மடங்கு கனமா? இல்லை. அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவதுக்கு இரண்டே சாத்தியங்கள். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிசிப் என்ற சுருக்குமுறையின் தொழில், அதனால் கனத்தில் பெரும்பங்கு அனுப்பும்போதே கரைந்துவிடும்.

முகவரியில் அந்தச் சலுகை இல்லை. கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால், இணைப்பை நகலெடுக்கும்போது பைட்டுக்கு மூன்று எழுத்தாக விரிந்து, ‘கரியாலூர்’ மட்டும் 81 எழுத்து சதவீதக்குறிக் குப்பையாக நிற்கும். முகவரியை மட்டும் ரோமனில் கொடுத்துவிடுவது உத்தமம். கோப்பின் தலையில் ஒரு வரி போதும்.

‘வாசிக்க இத்தனை நிமிடம்’ என்று காட்ட ஹ்யூகோ நிமிடத்துக்கு 213 சொல் என்று வகுக்கும். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாகப் பிரிவதைத் தமிழ் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒன்றாக ஒட்டிவிடும். இடைவெளியை வைத்து எண்ணுகிற கருவி அதையும் ‘ஓ’வையும் ஒரே எடையில் போடும். வார்ப்பைத் திறந்து, சொல் எண்ணிக்கையை நம் வேகத்துக்கேற்ற சிறிய எண்ணால் நாமே வகுத்துக்கொள்ளலாம்.