கொலு ஊர்வலக் கொடிகளில் எழுத்து

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் கொல்லயில் பகுதியினருக்கு நவராத்திரி என்றால் முதலில் ஊர்வலம்தான். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி யானை மேலும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, திருவனந்தபுரம் சேர்கிறார்கள். 1956-இல் மாநில எல்லை களியக்காவிளையில் குறுக்கே விழுந்தபின்பும் இந்தப் பயணம் நின்றுவிடவில்லை.

சில ஆண்டுகளாக இதைச் சிறு பொம்மைகளாகக் கொலுப்படியில் வைத்து வருகிறேன். வேற்று மொழிப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் முதலில் கேட்பது, "கொடியில் என்ன எழுதியிருக்கு தாத்தா?" என்பதுதான். ஆண்டு முழுவதிலும் அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் தமிழ் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஆகவே எழுத்து தெளிவாக இருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மார்க்கர் பேனா. மற்றது டிகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம். பசை தடவிய தாளின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதில் அச்சிட்டு அரை நிமிடம் நனைத்தால் படலம் மட்டும் வழுக்கிக் கழன்று வரும்.

பேனாவுக்குப் பளபளப்பில்லாத பரப்பு வேண்டும். வழவழப்பில் மை பிடிக்காது. டிகாலுக்கு நேர்மாறு. சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வெள்ளி பூசினாற்போல் திட்டுத் தெரியும். எனவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டிகால், காய்ந்தபின் மங்கல் வார்னிஷ் என்பதே வரிசை. இங்க்ஜெட்டில் அச்சிட்டால், நனைக்குமுன் அக்ரிலிக் வார்னிஷ் தெளித்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் மை தண்ணீரோடு போய்விடும்.

சாதாரண பெர்மனன்ட் மார்க்கரின் மை, ஸ்பிரே வார்னிஷ் பட்டதும் கசியக்கூடும். பிக்மென்ட் மை உள்ள பேனாவே நல்லது. பிக்மா மைக்ரான் 005-இன் கோடு 0.20 மில்லிமீட்டர். எழுத்தின் உயரம் கோட்டின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஆக, இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளியை மட்டும் சற்றுப் பெரிதாக வையுங்கள்.

வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. சிவப்புக் கொடியில் வெள்ளை எழுத்துக்குத் தெளிவான டிகால் தாள் உதவாது. ரயில்வேக்காரனுக்கு இதில் குழப்பமில்லை: நிலையப் பெயர்ப்பலகையைப்போல மஞ்சளில் கறுப்பு! தூரத்திலிருந்தும் படிக்கலாம். கொடியின் பின்புறத்தையும் மறக்காதீர்கள். முருகனின் சேவலை மறுபக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம். எழுத்தைத் திருப்ப முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அம்மாவோ பாட்டியோ விட்டுச்சென்ற பழைய மண் பொம்மைகள். அவற்றில் பல தண்ணீரில் கரையும் வண்ணம் பூசியவை. டிகாலை ஒட்டிய கையோடு முகமும் புடவைக் கரையும் கரைந்து வந்துவிடும். அடிப்பாகத்தில், கண்ணில் படாத இடத்தில், ஈரப் பஞ்சால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீர், வார்னிஷ் இரண்டையும் அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வார்னிஷ் உறிஞ்சிய பழைய வண்ணம் கறுத்துப்போகும், மீட்க வழியில்லை. அதன்மேல் புது வண்ணம் பூசச் சொல்பவர்களும் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. அந்த முகத்தை எழுதிய கை இன்று இல்லையே!

இதற்கு நான் செய்வது தனிக்கொடி. டிராயிங் தாள் இரண்டுக்கு நடுவே சமையலறை அலுமினியத் தாளை வைத்து ஒட்டி, வண்ணம், எழுத்து, வார்னிஷ் அத்தனையும் தட்டையாக இருக்கும்போதே முடித்துவிடுவேன். ஒரு நாள் காய்ந்தபின் பென்சிலில் லேசாகச் சுற்றி வளைத்தால், காற்றில் ஆடும் அலை அப்படியே நிற்கும். கூர்மையாக மடித்தால் படலம் வெடிக்கும். கம்பத்துக்கு மூங்கில் குச்சி போதும். அதைப் பொம்மையின் கையில் ஒட்டாமல், அருகில் களிமண் உருண்டையில் செருகி நிறுத்துகிறேன்.

கொலு முடிந்ததும் கொடிகளைப் பட்டர் தாளில் தனித்தனியே பொதிந்து, வளைவு நசுங்காதபடி இனிப்புப் பெட்டியில் வைக்கவும்.