நாடில்லாத அரசின் வெளியுறவு அமைச்சர்

1915 டிசம்பர் 1. காபூலில் ஓர் இந்திய அரசு அமைந்தது. இந்திய மண்ணில் ஒரு சாண் நிலம்கூட அதன் கையில் இல்லை. தலைவர் ராஜா மகேந்திர பிரதாப், பிரதமர் மௌலவி பரக்கத்துல்லா, உள்துறை உபைதுல்லா சிந்தி. வெளியுறவுத் துறைக்கு அறிவிக்கப்பட்டவர் ஒரு தமிழர்: செண்பகராமன் பிள்ளை. வயது 24.

1891-ல் திருவனந்தபுரத்தில் சின்னசாமிப் பிள்ளைக்கும் நாகம்மாளுக்கும் பிறந்தவர். 1908-ல் சர் வால்டர் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். அங்கே பொறியியல் படித்தார். 1914-ல் ஸூரிச்சில் இந்திய விடுதலைக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. ஆங்கிலேயரின் பகையாளி ஜெர்மனி. அதன் தயவில் காரியம் சாதிக்கலாம் என்று நம்பிய இந்தியர்கள் பெர்லினில் கூடினார்கள்; அக்டோபரில் அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அவர் பெயரை எடுத்தாலே 'எம்டன்' கப்பலும் கூடவே வந்துவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த அந்தக் கப்பலில் அவர் இருந்தார் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அதற்குச் சான்று இல்லை. அந்தக் கதை இல்லாமலே அவர் பெரிய மனிதர்தான்.

அமைச்சரவை காபூலில்; வெளியுறவு அமைச்சர் இருந்ததோ பெர்லினில். ஆனாலும் அந்த அரசு விளையாட்டுக்கு நடத்தப்பட்டதல்ல. ரஷ்யச் சக்கரவர்த்திக்குத் தங்கத் தகட்டில் கடிதம் பொறித்துத் தூது அனுப்பியது. பலன்தான் இல்லை. ரஷ்யா அப்போது பிரிட்டனின் கூட்டாளி. ஆப்கானிஸ்தான் அமீர் ஹபிபுல்லாவும் இடம் கொடுத்தாரே தவிர, ஆங்கிலேயர்மீது படையெடுக்க இசையவில்லை.

1918-ல் ஜெர்மனி தோற்றது. அடுத்த ஆண்டு, பிரிட்டனின் நெருக்குதலில் காபூல் அரசும் கலைந்தது. மகேந்திர பிரதாப் 1946-ல் தாயகம் திரும்பி, 1957-ல் மதுராவிலிருந்து மக்களவைக்கும் போனார். பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆங்கிலேய ஆட்சி இருந்தவரை ஊர்ப்பக்கம் வர வழியில்லாமல், 1934 மே மாதம் பெர்லினிலேயே இறந்தார். வயது 42.

மனைவி லட்சுமிபாய் மணிப்பூரைச் சேர்ந்தவர். கணவரின் அஸ்தியைச் சுதந்திர இந்தியா மரியாதையோடு ஏற்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் காத்து வைத்திருந்தார். ஒருவழியாக 1966-ல் 'ஐ.என்.எஸ். டெல்லி' போர்க்கப்பல் அதைக் கொச்சிக்குக் கொண்டு வந்தது. பிள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் எம்டனுக்குத் தரும் பக்கங்களில் பாதியையாவது இந்த அம்மையாருக்குத் தர வேண்டும்.