முதியோர் பக்கவாதப் பராமரிப்பில் ஆஸ்டியோபதி

முதியோர் பக்கவாதப் பராமரிப்பில் ஆஸ்டியோபதி என்பது, பக்கவாதத்திற்குப் பின் வீடு திரும்பிய முதியவர்களுக்குக் கைகளால் செய்யப்படும் மென்மையான உடலியக்க முறைகளைத் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவதாகும். தசை இறுக்கம், தோள்வலி, விலா எலும்புகளின் அசைவுக் குறைவு ஆகியவற்றைத் தணிப்பதே இதன் நோக்கம். மூளையில் ஏற்பட்ட சேதத்தை இது சரிசெய்யாது. மருந்துகளுக்கோ இயன்முறை சிகிச்சைக்கோ மாற்றாகவும் இதனைக் கொள்ள முடியாது.

பின்னணி

ஆஸ்டியோபதியை அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-இல் அறிமுகப்படுத்தினார். இதற்கான முதல் கல்லூரியை 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் நிறுவினார். அமெரிக்காவில் இப்பட்டம் பெற்றவர்கள் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரித்தானியாவில் ஆஸ்டியோபதியர்கள் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற கைமுறைச் சிகிச்சையாளர்கள். எனவே சிகிச்சையாளரின் தகுதி நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பயன்படுத்தப்படும் முறைகள்

பக்கவாதத்தில் ஒரு பக்கக் கை, கால் தசைகள் முதலில் தளர்ந்து, பின்னர் பலருக்கு இறுகத் தொடங்குகின்றன. இந்நிலையில் தசைகளை மெதுவாக நீட்டுதல், மூட்டுகளை வலியில்லாத எல்லைக்குள் அசைத்தல், விலா எலும்புகளையும் உதரவிதானத்தையும் சுற்றியுள்ள தசைகளைத் தளர்த்துதல் ஆகியவை செய்யப்படுகின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான நேரம் நோயாளியைக் கையாள்பவர்கள் குடும்பத்தினரே. அதனால் எந்தக் கைமுறைச் சிகிச்சையின் பயனும் அவர்களது அன்றாடப் பழக்கத்தைச் சார்ந்தே நிலைக்கிறது.

தோள்: தோள்மூட்டை அதன் இடத்தில் நிறுத்தும் தசைகள் செயலிழந்திருப்பதால், கையின் எடையே மூட்டை நழுவச் செய்யும். எழுப்பும்போது பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் தவறு. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, அதைப் பிடித்து உதவுவது பாதுகாப்பானது. உட்காரும்போது கையைத் தலையணைமீது தாங்கி வைக்க வேண்டும்.

படுக்கை: தானாகத் திரும்ப முடியாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது படுக்கைப் புண்ணைத் தவிர்க்க உதவும்.

விழுங்குதல்: உணவு மூச்சுக்குழாயில் சென்றால் நுரையீரல் அழற்சி ஏற்படலாம். நிமிர்ந்து உட்கார வைத்து உணவு தருவதும், உண்டபின் சுமார் 30 நிமிடம் அதே நிலையில் வைத்திருப்பதும் நல்லது.

தவிர்க்க வேண்டியவை

கழுத்தைச் சட்டெனத் திருப்பிச் சொடக்குவது பக்கவாத நோயாளிகளுக்குச் செய்யக் கூடாதது. கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து, மற்றொரு பக்கவாதம் ஏற்படும் அபாயம் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கு ஆழமாக அழுத்திப் பிடித்துவிட்டால் உள்ளே இரத்தக் கசிவு ஏற்படலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது இரத்த உறைவாக இருக்கக்கூடும். அதைத் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பு நலிந்த முதியவர்களின் மார்பில் பலமாக அழுத்தினால் விலா எலும்பு முறியக்கூடும். தொடு உணர்வு குறைந்த பகுதியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தீக்காயம் ஏற்பட்டும் நோயாளி உணராமல் போகலாம்.

ஆதாரங்களின் நிலை

பக்கவாத மறுவாழ்வில் ஆஸ்டியோபதியின் பயனை உறுதிசெய்யப் போதிய ஆய்வுகள் இல்லை. நுரையீரல் அழற்சிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அனைத்து நோயாளிகளையும் கணக்கில் கொண்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, நடை, அன்றாடச் செயல்கள் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வது மீட்சிக்கு உதவும் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. ஆகவே கைமுறைச் சிகிச்சை இப்பயிற்சிக்கான நேரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொள்ளாமல், வலியைக் குறைத்து நோயாளியை அதற்கு ஆயத்தப்படுத்தும் அளவில் அமைவதே பொருத்தமானது.

அவசர அறிகுறிகள்

ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் எந்தக் கைமுறைச் சிகிச்சையும் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பொதுவாக முதல் 4.5 மணி நேரத்திற்குள் தரப்படுவதால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைப்பது அவசியம்.