பழைய தலைநகருக்குச் செல்லும் சாலை

திருவனந்தபுரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் பத்மநாபபுரம் அமைந்துள்ளது. நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை வழியாக மிதிவண்டியில் செல்வோர், களியக்காவிளையைக் கடந்ததும் பெயர்ப்பலகைகள் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறுவதைக் காண்பர். போக்குவரத்து மிகுந்த சாலையாதலால், பெரியோர் துணையுடன் விடியற்காலையில் புறப்படுதல் நன்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பத்மநாபபுரமே திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது. பின்னர்த் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று பத்மநாபபுரம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. ஆயினும், மரவேலைப்பாடு மிக்க அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பேணி வருகிறது.

அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் டி லனாய் என்னும் டச்சுப் படை அதிகாரியின் கல்லறை உள்ளது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட அவர், பின்னர்த் திருவிதாங்கூரின் படைத்தலைவரானார். அவரது கல்லறையில் இலத்தீனுடன் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி திருவுருவம் இவ்வழியே ஊர்வலமாகத் திருவனந்தபுரத்திற்கு எடுத்து வரப்படுகிறது. அது கம்பர் வழிபட்டது என்பது மரபு. மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னும் அவ்வூர்வலம் நிற்கவில்லை. திருவனந்தபுரத்தில் தமிழ் பயிலும் மாணவர்க்கும் இச்சாலையின் வரலாறு உரியதே.